எரிந்த வீட்டைப் படித்தவர்கள்

2005-ல் அமெரிக்காவின் லாஸ் வேகஸில் தீ விசாரணை அதிகாரிகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. படுக்கையறை மாதிரி இரண்டு அறைகளை அமைத்து, தீ வைத்து, கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைத்துவிட்டார்கள். பிறகு 53 பேரை உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். கேள்வி எளிது. அறையை நான்கு கூறாகப் பிரித்தால், தீ முதலில் பற்றியது எந்தக் கூறில்? முதல் அறையில் சரியாகச் சொன்னவர்கள் மூன்று பேர். இரண்டாவது அறையிலும் மூன்றே பேர், அதுவும் வேறு மூன்று பேர். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு மூலையைக் கைகாட்டியிருந்தால்கூட 13 பேர் தேறியிருப்பார்கள்.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் தீ எங்கே தொடங்கியது என்பதுதான் தீ விசாரணையின் முதல் கேள்வி. அது தெரியாமல் எப்படித் தொடங்கியது என்று சொல்ல முடியாது. எப்படி என்று தெரியாமல், யார் வைத்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. இதே தொழிலைச் செய்தவர்கள்தான் பல பத்தாண்டுகளாக அமெரிக்க நீதிமன்றங்களில் சாட்சிக் கூண்டில் ஏறி, தரையில் தாங்கள் கண்ட கருகலை வைத்து 'இது பெட்ரோல் ஊற்றிய தடம்' என்று சத்தியம் செய்தார்கள். அந்தச் சத்தியத்தை நம்பி ஜூரிகள் ஆயுள் சிறையும் மரண தண்டனையும் கொடுத்தார்கள்.

அந்த 53 பேர் ஏன் தவறினார்கள் என்பதற்கு இயற்பியலில் பதில் இருக்கிறது. ஒரு சோஃபாவின் ஓரத்தில் தீப் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். சூடான புகையும் வாயுக்களும் நேரே மேலே போய், கூரையில் முட்டி, பக்கவாட்டில் பரவும். வெளியேற வழி போதாததால் அந்த அடுக்கு தடித்துக்கொண்டே கீழே இறங்கும். தொட்டியில் தண்ணீர் நிரம்புவதைத் தலைகீழாகப் பார்ப்பது போல. அதன் வெப்பநிலை 500, 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, மேலிருந்து தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 20 கிலோவாட் வெப்பம் கதிர்வீச்சாக இறங்குகிறது. உச்சி வெயில் தருவதே சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட்தான். இத்தனை வெப்பத்தில், நெருப்பு இன்னும் தொடாத தரைவிரிப்பும் நாற்காலியும் மரத்தரையும் எரியக்கூடிய வாயுவை வெளிவிட்டு, சில நொடிகளுக்குள் எல்லாம் ஒரே சமயத்தில் பற்றிக்கொள்கின்றன. இந்தக் கட்டத்துக்கு ஃப்ளாஷ்ஓவர் என்று பெயர்.

அதற்குப் பிறகு அறைக்குள் எரிய எல்லாம் இருக்கிறது, ஆக்சிஜன்தான் போதவில்லை. அதனால் காற்று எங்கே நுழைகிறதோ அங்கே, கதவருகிலும் உடைந்த ஜன்னலுக்குக் கீழும், தீ மூர்க்கமாக எரிகிறது. அங்கேதான் சுவரும் தரையும் மிக ஆழமாகக் கருகுகின்றன. தீ முதலில் பற்றிய மூலையோ காற்றில்லாமல் மூச்சடங்கி, லேசான கருகலோடு தப்பிவிடலாம். அதிகம் கருகிய இடமே முதலில் பற்றிய இடம் என்பது தொழிலின் பழைய பாடம். லாஸ் வேகஸில் வந்தவர்கள் அந்தப் பாடத்தைச் சரியாகவே பயன்படுத்தினார்கள், பாடம்தான் தவறு. குருட்டு ஊகத்தைவிட மோசமான விடை வந்ததற்கு அதுவே காரணம். இத்தனைக்கும் அந்த அறைகள் ஃப்ளாஷ்ஓவருக்குப் பிறகு எரிந்தது இரண்டு நிமிட அளவுக்குத்தான். உண்மையான வீட்டுத் தீயில் தீயணைப்பு வண்டி வந்து சேர அதைவிட அதிக நேரமாகும்.

அந்தப் பழைய பாடங்கள் ஒன்றிரண்டல்ல. தீ மேல்நோக்கித்தான் போகும், ஆகவே தரை கருகியிருந்தால் யாரோ எரிபொருளை ஊற்றியிருக்கிறார்கள் என்பது ஒன்று. தரையில் குட்டை வடிவக் கருகல் இருந்தால் அது திரவம் தேங்கிய இடம் என்பது இன்னொன்று. ஜன்னல் கண்ணாடியில் வலைபோல நுண்விரிசல் ஓடியிருந்தால் தீ அசுர வேகத்தில் சூடேறியது, ஆகவே பெட்ரோல். கான்கிரீட் பெயர்ந்திருந்தாலும் பெட்ரோல். மூத்த அதிகாரி இளையவருக்குச் சொல்லிக்கொடுக்க, அவர் தனக்கு அடுத்தவருக்குச் சொல்ல, வாய்வழியாக வளர்ந்த சரக்கு இது. 1977-ல் அமெரிக்க அரசின் நிதியில் நடந்த ஒரு மதிப்பாய்வு, இந்த அடையாளங்களைப் பட்டியலிட்டுவிட்டு, இவற்றை உறுதிப்படுத்தும் அறிவியல் ஆய்வு எதுவும் வெளியானதாகத் தெரியவில்லை என்று எழுதியது. மூன்றே ஆண்டுகளில், நாட்டின் தர அளவீட்டு நிறுவனமான நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் வெளியிட்ட கையேட்டில் இதே அடையாளங்களில் பல இடம்பெற்றன. சோதித்துப் பார்க்காத வழக்கத்துக்கு அரசாங்க அட்டை கிடைத்துவிட்டது. அதன் பிறகு குறுக்கு விசாரணையில் கேள்வி கேட்கும் வக்கீலிடம் நீட்ட ஒரு புத்தகம் இருந்தது.

முதல் அடி ஃபுளோரிடாவில் விழுந்தது. அதுவும் அரசுத் தரப்பே கொடுத்துக்கொண்ட அடி. 1990 அக்டோபரில் ஜாக்சன்வில்லின் லைம் தெருவில் ஒரு வீடு எரிந்து, பெண்களும் குழந்தைகளுமாக ஆறு பேர் இறந்தார்கள். உயிர்தப்பிய வீட்டுக்காரர் மீது கொலை வழக்கு. சிறுவன் ஒருவன் தீயோடு விளையாடி சோஃபாவைப் பற்றவைத்துவிட்டான் என்பது அவருடைய வாக்குமூலம். நடைக்கூடத் தரையில் பெட்ரோல் ஊற்றிய தடம் இருக்கிறது என்பது விசாரணையின் முடிவு. அருகிலேயே அதே அமைப்பில் ஒரு வீடு இடிப்பதற்காகக் காத்துக்கிடந்தது. அரசுத் தரப்பு அதில் அதே மாதிரிச் சாமான்களைப் போட்டு, சோஃபாவில் மட்டும் தீ வைத்துப் பார்க்க ஏற்பாடு செய்தது. எதிரியின் கதையை உடைப்பதற்குத்தான் இத்தனையும். ஃப்ளாஷ்ஓவர் வர கால் மணி நேரமாவது ஆகும் என்று நிபுணர்கள் எதிர்பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுக்கத் தீ. தீ நடைக்கூடத்துக்குப் பாய்ந்து, ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இல்லாத தரையில், பெட்ரோல் ஊற்றியதாகச் சொல்லப்பட்ட அதே கருகல் வடிவங்களைப் போட்டுவிட்டுப் போனது. வழக்கு கைவிடப்பட்டது.

அந்தச் சோதனையை நடத்தியவர்களில் ஒருவர் ஜான் லென்டினி. அரசுத் தரப்பின் நிபுணராக வந்தவர், அன்றோடு தன் தொழிலின் அடிப்படைகளைச் சந்தேகிக்கத் தொடங்கினார். 1991-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் மலைப்பகுதியில் மூண்ட பெருந்தீயில் ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தன. யாரும் வீடு வீடாகப் பெட்ரோல் ஊற்றவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த எரிந்த வீடுகள் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் அங்கே கிடைத்தன. 50 வீடுகளைச் சோதித்தார்கள். 'பெட்ரோல் அடையாளங்கள்' அங்கேயும் இருந்தன. கண்ணாடி விரிசலின் காரணமும் ஆய்வகத்தில் தெளிந்தது. எவ்வளவு வேகமாகச் சூடாக்கினாலும் அந்த நுண்விரிசல் வரவில்லை. சூடான கண்ணாடி மேல் தண்ணீர் தெளித்தவுடன் வந்தது. அதாவது, தீ வைத்தவனின் கைரேகை என்று நீதிமன்றத்தில் காட்டப்பட்டது, தீயணைக்க வந்தவரின் குழாய்த் தண்ணீர் செய்த வேலை.

இந்தப் புது அறிவையெல்லாம் உள்ளடக்கி, தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1992-ல் என்.எஃப்.பி.ஏ. 921 என்ற வழிகாட்டி நூலை வெளியிட்டது. தீ விசாரணை அறிவியல் முறைப்படி நடக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஊகம் ஒன்றை வை, அதைத் தரவுகளோடு மோதவிடு, நிற்காவிட்டால் கைவிடு. பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுதான். ஆனாலும் தொழிலுக்குள் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1993-ல் டாபர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிவியல் சாட்சியத்தை ஜூரி முன் வைக்கும் முன்பு அந்த முறை சோதிக்கப்பட்டதா, அதன் பிழை விகிதம் என்ன என்றெல்லாம் நீதிபதி பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சில ஆண்டுகள் கழித்து வேறொரு வழக்கில் தீ விசாரணை அதிகாரிகளின் சர்வதேசச் சங்கமே நீதிமன்றத்துக்கு வந்து, தீ விசாரணை அந்த அளவுக்கு அறிவியல் அல்ல, அனுபவம் சார்ந்தது, ஆகவே டாபர்ட் சோதனை எங்களுக்குப் பொருந்தாது என்று வாதாடியது. தொழிலைப் பற்றி அதன் சங்கமே கொடுத்த இந்த வாக்குமூலத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றிய கேள்வி, அப்படியானால் ஜூரி முன்னால் இவர்களை நிபுணர் என்று அறிமுகப்படுத்தியது எதற்காக என்பதுதான். 1999-ல் உச்ச நீதிமன்றம் அனுபவ நிபுணர்களுக்கும் அந்தச் சோதனை உண்டு என்று சொல்லிவிட்டது.

டெக்சஸ் மாநிலத்தின் கோர்சிக்கானா நகரில் கேமரன் டாட் வில்லிங்ஹாம் என்பவரின் வீடு எரிந்தது 1991 டிசம்பர் 23-ம் தேதி. லைம் தெருச் சோதனை நடந்து முடிந்த பிறகு, ஆனால் அதன் செய்தி கோர்சிக்கானாவை எட்டுவதற்கு முன்பு. மனைவி கிறிஸ்துமஸ் பரிசு வாங்க வெளியே போயிருந்தார். வீட்டில் வில்லிங்ஹாமும் மூன்று பெண் குழந்தைகளும். மூத்தவளுக்கு இரண்டு வயது, இளைய இருவரும் ஒரு வயது இரட்டையர். அவர் வெளியே ஓடிவந்தார், குழந்தைகள் மூவரும் இறந்தார்கள். தீ வைத்துக் குழந்தைகளைக் கொன்றதாக அவர் மீது வழக்கு; 1992 ஆகஸ்டில் விசாரணை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் சிறை என்று அரசுத் தரப்பு பேரம் பேசியது. நான் செய்யவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். ஜூரி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் குற்றவாளி என்றது. தண்டனை, மரணம்.

மாநிலத் தீயணைப்பு மார்ஷல் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, தீ வைப்புக்கு இருபது அடையாளங்கள் கண்டதாகக் கணக்குச் சொன்னார். குட்டை வடிவக் கருகல், கண்ணாடி விரிசல், மூன்று தனித்தனி இடங்களில் தொடங்கிய தீ, வாசற்படியின் அலுமினியத் தகட்டுக்கு அடியில் கருகிய மரம். வில்லிங்ஹாமின் வெறுங்காலில் தீக்காயம் இல்லை என்பதும் அதில் சேர்ந்தது. தரையே எரிந்துகொண்டிருந்த வீட்டிலிருந்து வெறுங்காலோடு வந்தவருக்குக் கால் எப்படிச் சுடாமல் இருக்கும்? ஜூரியில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் நியாயமாகப் படும் கேள்வி. எதிரி தரப்பு வக்கீல்கள் கலந்து பேசிய ஒரே தீ நிபுணரும் அரசுத் தரப்பு சொன்னதையே சொன்னார். அந்தக் காலத்தில் அந்தத் தொழிலில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்பதால், இதில் ஒருவரைத் தனியே பிடித்துக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. இதோடு, சிறையில் வில்லிங்ஹாம் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு கைதி சொன்ன சாட்சியமும் இருந்தது. அதை அந்தக் கைதி பின்னால் மறுத்தார்.

2004 ஜனவரியில் இந்த வழக்கின் காகிதங்கள் ஆஸ்டின் நகரில் இருந்த ஜெரால்ட் ஹர்ஸ்டிடம் போயின. கேம்பிரிட்ஜில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், வெடிபொருள் ஆராய்ச்சியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். தண்டனை நிறைவேற்றும் தேதி பிப்ரவரி 17 என்று குறித்தாகிவிட்டது. ஹர்ஸ்ட் ஒவ்வொரு அடையாளமாக எடுத்தார். கண்ணாடி, தண்ணீரால் வந்தது. குட்டை வடிவம், ஃப்ளாஷ்ஓவரைக் கண்ட எந்தத் தரையிலும் வரும். மூன்று தனித்தனித் தீ என்று சொன்ன மூன்று இடங்களும் உண்மையில் ஒன்றோடொன்று தொடர்ந்த ஒரே கருகல். குழந்தைகள் அறையிலிருந்து நடைக்கூடம் வழியாகக் காற்றைத் தேடி முன்வாசலுக்குப் போன ஒரே தீ. வாசற்படித் தகட்டுக்கு அடியில் திரவம் எரிந்தது என்பது வேதியியலுக்கே ஒவ்வாதது, அந்த இடுக்கில் எரிவதற்குக் காற்று இல்லை. ஆய்வகம் சோதித்த மாதிரிகளில் ஒன்றே ஒன்றில்தான், முன்வாசலருகே எடுத்ததில், எரிதிரவத்தின் தடயம் கிடைத்தது. அந்த முன்திண்ணையில்தான் கரி அடுப்பும், கரியைப் பற்றவைக்கும் திரவமும் இருந்தன.

காலுக்கும் விடை இருந்தது. ஃப்ளாஷ்ஓவருக்கு முன்னால் வெப்பமெல்லாம் தலைக்கு மேலே, கூரையடியில் இருக்கிறது. தரையில் நடப்பவரின் முடி கருகலாம், கால் சுடாது. வில்லிங்ஹாம் வெளியே வந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழந்தைகள் அறையின் ஜன்னல்கள் வெடித்துத் தீ வெளியே பாய்ந்தது. ஃப்ளாஷ்ஓவர் நடந்த நேரத்தையே சாட்சி கடிகாரம்போலக் குறித்துக் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக வழக்குக் கட்டுக்குள்ளேயே கிடந்த அந்த வரியின் பொருள் யாருக்கும் புரியவில்லை. இந்த வழக்கில் என்னை மிகவும் உலுக்கும் விவரம் இதுதான். விடுவிக்கக்கூடிய சாட்சியம் முதல் நாளிலிருந்தே கையில் இருந்தது; படிக்கத் தெரிந்தவர்தான் இல்லை.

ஹர்ஸ்டின் அறிக்கை ஆளுநருக்கும் மாநிலக் கருணை மனு வாரியத்துக்கும் போனது. இந்த இடத்தில் சட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1993-ல் ஹெரேரா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முறைப்படி விசாரணை நடந்து முடிந்த பிறகு 'நான் நிரபராதி' என்று மட்டும் சொல்லி மத்திய நீதிமன்றத்துக்கு வருவது செல்லாது, அப்படிப்பட்டவர்களுக்குக் கருணை மனு என்ற காப்பு இருக்கிறது என்றது. 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டம், மத்திய நீதிமன்றத்தில் மனுப்போட பொதுவாக ஓராண்டுக் கெடு வைத்தது. வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இறந்தவரின் குடும்பம் இருபது ஆண்டுகள் கோர்ட் படி ஏறிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ஒரு தடயவியல் முறை பிழையென்று தெரியவர ஆகும் காலம் இந்தக் கெடுவுக்குள் அடங்காது. தண்டனை எவ்வளவு கடுமையோ அவ்வளவு அவகாசம் என்று சட்டம் வைத்திருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஆயுள் கைதியாவது சிறையில் உட்கார்ந்து அறிவியல் முன்னேறுவதற்குக் காத்திருக்கலாம். ஹெரேரா தீர்ப்பு காட்டிய அந்தக் கருணை மனு வாரியத்தின் உறுப்பினர்கள் ஒன்றுகூடி விவாதிக்காமல், இருந்த இடத்திலிருந்தே ஃபேக்ஸில் வாக்கை அனுப்பும் வழக்கம் இருந்தது. வில்லிங்ஹாமின் மனு நிராகரிக்கப்பட்டது. ஆளுநர் ரிக் பெர்ரி தண்டனையைத் தள்ளிவைக்கவில்லை. பிப்ரவரி 17 அன்று விஷ ஊசி போடப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில், அதே டெக்சஸில், எர்னஸ்ட் வில்லிஸ் என்பவர் மரண தண்டனைக் கொட்டடியிலிருந்து வெளியே வந்தார். 1986-ல் ஐராஆன் (Iraan) என்ற சிற்றூரில் ஒரு வீடு எரிந்து இரண்டு பெண்கள் இறந்த வழக்கு. அதே குட்டை வடிவக் கருகல், அதே வகையான சாட்சியம். சிறையில் அவருக்கு வேண்டாத மனநோய் மருந்து கொடுத்து நீதிமன்றத்தில் மரம்போல உட்காரவைத்தது உள்ளிட்ட காரணங்களுக்காக மத்திய நீதிபதி ஒருவர் தண்டனையை ரத்து செய்தார். மறுவிசாரணை நடத்தலாமா என்று யோசித்த அரசு வழக்கறிஞர் ஹர்ஸ்டைக் கூப்பிட்டுக் கேட்டார். இது தீ வைப்பே இல்லை என்றார் ஹர்ஸ்ட். வழக்கு கைவிடப்பட்டது. வில்லிஸ் பதினேழு ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டார். இரண்டு வழக்குகளிலும் அறிவியல் ஒன்றுதான். தீயை ஆராய்ந்தவரும் ஒருவர்தான். வில்லிஸின் நல்ல காலம், அவருடைய வழக்கைத் திறக்க மருந்துக் கொடுமை என்ற வேறொரு சாவி கிடைத்தது.

பென்சில்வேனியாவில் கொரியாவிலிருந்து குடியேறிய ஹான் டாக் லீயின் கதையில் மரண தண்டனை இல்லை, பரோல் இல்லாத ஆயுள் சிறை. 1989-ல் ஒரு தேவாலய முகாமின் குடிலில் தீப்பிடித்து அவருடைய 20 வயது மகள் இறந்தாள். அரசுத் தரப்பு நிபுணர் எரிந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டு, 60 காலனுக்கு மேல் எரிபொருள் ஊற்றப்பட்டது என்றார். அதாவது 225 லிட்டருக்கும் மேல். நடுராத்திரியில் ஒரு மனிதர் அத்தனை எரிபொருளை எதில் கொண்டுவந்தார், எத்தனை நடை நடந்தார், காலி டப்பாக்கள் எங்கே போயின என்று யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை போலிருக்கிறது. எண் என்று ஒன்று வந்துவிட்டால் பொது அறிவு ஒதுங்கிக்கொள்கிறது. 2014-ல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, அவர் வெளியே வந்தார்.

டெக்சஸின் சோன்யா கேசி வழக்கில் பிழை கண்ணில் இல்லை, கருவியைப் படித்ததில் இருந்தது. உறவினர் ஒருவர் இறந்த தீ விபத்தில் அவருக்கு 99 ஆண்டு சிறை. இறந்தவரின் உடையில் பெட்ரோல் இருந்ததாக ஆய்வகம் சொன்னது. வாயு வண்ணப்பிரிகை என்ற முறையில், ஒரு மாதிரியிலிருந்து வரும் ஆவியை நீண்ட மெல்லிய குழாய் வழியாக அனுப்புவார்கள். இலேசான மூலக்கூறுகள் முதலிலும் கனமானவை பின்னாலும் வெளியேற, தாளில் சிகரங்கள் வரிசையாக விழும். பெட்ரோலில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருப்பதால் அந்தச் சிகரவரிசை முழுவதும் பொருந்த வேண்டும். தொல்யீன் மாதிரி ஒன்றிரண்டு சிகரங்கள் பொருந்துவது எதற்கும் சான்றாகாது. ஏனென்றால் தரைவிரிப்பும் மெத்தைப் பஞ்சும் பிளாஸ்டிக்கும் வெந்தால் அதே சேர்மங்களில் சில வெளிவரும். ஹர்ஸ்டும் பிற நிபுணர்களும் அதே தாளை எடுத்துப் பார்த்து, இதில் பெட்ரோலே இல்லை என்றார்கள். கேசி 1998-ல் பரோலில் வெளியே வந்தார். நிரபராதி என்ற தீர்ப்பு 2016-ல் கிடைத்தது. இடையில் பதினெட்டு ஆண்டுகள், கொலைகாரி என்ற பெயரோடுதான் வேலை தேடவும் வாடகை வீடு கேட்கவும் வேண்டியிருந்தது.

தீ மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. 2015-ல் எஃப்.பி.ஐ. தன் சொந்த நிபுணர்கள் முடியை நுண்ணோக்கியில் ஒப்பிட்டுச் சொன்ன பழைய சாட்சியங்களை மறுபரிசீலனை செய்து வெளியிட்ட கணக்கில், எதிரிக்குப் பாதகமாகச் சாட்சியம் சொன்ன 268 விசாரணைகளில் 257-ல் அறிவியல் அனுமதிக்காத கூற்றுகள் இருந்தன. அவற்றில் மரண தண்டனை வழக்குகள் குறைந்தது 35. பிழை இருந்தது 33-ல். அதற்குள் ஒன்பது பேருக்குத் தண்டனை நிறைவேறியிருந்தது.

வில்லிங்ஹாம் விஷயம் அவர் இறந்த பிறகுதான் சூடுபிடித்தது. 2005-ல் டெக்சஸ் சட்டமன்றம் தடயவியல் ஆணையம் ஒன்றை அமைத்தது. ஆணையம் கிரெய்க் பெய்லர் என்ற தீ அறிவியலாளரிடம் வழக்கைக் கொடுத்தது. 2009 ஆகஸ்டில் வந்த அவருடைய அறிக்கை, தீ வைப்பு என்ற முடிவுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றது. மார்ஷல் அலுவலக அதிகாரியின் அணுகுமுறை குறிசொல்பவர்களின் போக்குக்குத்தான் நெருக்கமானது என்ற பொருள்படவும் எழுதியது. அக்டோபர் 2-ம் தேதி பெய்லர் ஆணையத்தின் முன் பேசுவதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, 2004-ல் தண்டனையைத் தள்ளிவைக்க மறுத்த அதே ஆளுநர் பெர்ரி, ஆணையத்தின் தலைவரையும் வேறு இருவரையும் மாற்றினார். புதிய தலைவர் கூட்டத்தை ரத்து செய்தார். இதற்கு விளக்கம் எழுதத் தேவையில்லை. பிறகு 2011-ல், 2005-க்கு முந்தைய தடயங்களில் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று மாநில அட்டர்னி ஜெனரல் கருத்துச் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த அவமானத்திலிருந்து நல்லது ஒன்றும் முளைத்தது. 2013-ல் டெக்சஸ் தன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 11.073 என்ற பிரிவைச் சேர்த்தது. தண்டனைக்கு அடிப்படையாக இருந்த அறிவியல் பின்னால் மாறிவிட்டாலோ பொய்த்துவிட்டாலோ, புதிய அறிவியல் அன்றைக்கே தெரிந்திருந்தால் குற்றவாளி என்ற தீர்ப்பு வந்திருக்காது என்று காட்டி, மறுபடியும் நீதிமன்றக் கதவைத் தட்டலாம். அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான், மரண தண்டனைகளுக்குப் பெயர்போன டெக்சஸ். பல் கடித்தடத்தை வைத்து 1987-ல் ஆயுள் தண்டனை பெற்ற ஸ்டீவன் சேனி, அந்த வகைச் சாட்சியத்துக்கு அறிவியல் ஆதாரமே இல்லை என்று காட்டி வெளியே வந்தது இந்தச் சட்டத்தின் வழியாக. மாநிலத் தீயணைப்பு மார்ஷல் அலுவலகமும் தன் பழைய வழக்குகளை வெளியாட்களான வக்கீல்களோடும் விஞ்ஞானிகளோடும் உட்கார்ந்து திரும்பப் பார்க்கத் தொடங்கியது. தவறு செய்த அலுவலகமே இறங்கிவந்து செய்த இந்த வேலைக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன். கேசியின் வழக்கும் அந்த மேசைக்கு வந்ததுதான்.

இந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. குற்றவாளியா இல்லையா என்ற தீர்ப்பைத்தான் அது தொடும், எவ்வளவு தண்டனை என்பதைத் தொடாது. டெக்சஸில் மரண தண்டனை கொடுக்க, இவர் வருங்காலத்திலும் வன்முறை செய்யக்கூடியவர் என்று ஜூரி முடிவு செய்ய வேண்டும். அதற்கும் நிபுணர்கள் வருவார்கள். 1983-ல் பேர்ஃபுட் வழக்கில், நீண்டகால அபாயத்தைப் பற்றி மனநல மருத்துவர்கள் சொல்லும் ஆரூடத்தில் மூன்றில் இரண்டு தவறாகிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இருந்தாலும் அந்தச் சாட்சியம் செல்லும், குறுக்கு விசாரணை அதன் குறையைக் காட்டிக்கொள்ளும் என்றது நீதிமன்றம். பெட்ரோல் தடம் சொல்லும் அதிகாரியாவது கருகிய தரையையாவது பார்த்திருக்கிறார். மருத்துவர் ஜேம்ஸ் கிரிக்சன் நூற்றுக்கும் மேற்பட்ட மரண தண்டனை வழக்குகளில் சாட்சி சொன்னவர். பலரை நேரில் பரிசோதிக்காமலே, அரசு வழக்கறிஞர் அடுக்கிய விவரங்களை மட்டும் கேட்டுவிட்டு, இவர் மறுபடியும் கொலை செய்வது நிச்சயம் என்று சொல்வார். அவர் அப்படி முத்திரை குத்திய ராண்டல் டேல் ஆடம்ஸ், கொலையைச் செய்தவர் வேறொருவர் என்று தெரிந்து 1989-ல் விடுதலையானார். மீதி வாழ்நாளில் மரண தண்டனைக்கு எதிராகப் பேசினார். 1995-ல் மனநல மருத்துவர் சங்கம் கிரிக்சனை வெளியேற்றியது.

வில்லிங்ஹாமின் தண்டனைக் கட்ட விசாரணையில், அவரைச் சந்தித்துப் பேசாமலே, திருத்தவே முடியாத கொடிய சமூக விரோதி என்ற பொருளில் சாட்சி சொன்னதும் இதே கிரிக்சன்தான். 11.073 பிரிவு 2004-ல் இருந்திருந்தால், தரையின் கருகலைப் பற்றியும் கண்ணாடி விரிசலைப் பற்றியும் வில்லிங்ஹாமின் வக்கீல் மனுப் போட்டிருக்கலாம். கிரிக்சன் சொன்னதைப் பற்றி மனுப் போட, இன்றைக்கும் அந்தப் பிரிவில் இடமில்லை.